அபேட்சகருக்குக் கண்ணாடி போட்ட கடை

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. கொஞ்சம் குறை சொல்லவேண்டியிருக்கிறது. பால் வாங்க நான் தினமும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில், சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் மீனாட்சி கல்யாணம் நாலு அளவில் தொங்கும். அதற்குக் கீழே காலமானவர்களின் படங்கள், சந்தனமாலைக்குக் காத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கும்.

நான் கொண்டுபோனது சாமியும் இல்லை, காலமானவரும் இல்லை. ஒரு தேர்தல் நோட்டீஸ். 1937ல் சென்னை மாகாண சட்டசபைத் தேர்தலுக்கு என் தாத்தா தன்னுடைய டிரெடில் அச்சு மெஷினில் அடித்தது. கிரவுன் பாதித் தாள், 10க்கு 15 அங்குலம். வீட்டைக் காலி செய்தபோது பழைய எழுத்துப் பெட்டி ஒன்றின் அடியில் விரிப்பாகக் கிடந்தது. ஈய எழுத்துகளின் பாரத்தில் இத்தனை வருஷம் அசையாமல் இருந்ததால்தான் பிழைத்தது என்று நினைக்கிறேன். ஒரு மூலையை மட்டும் ராமபாணப் பூச்சி தின்றிருந்தது.

கடைக்காரர் அதைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, இது மஞ்சக் காகிதமா, இல்ல மக்கி மஞ்சளாப் போச்சா?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. அந்தத் தேர்தலில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி. காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. காந்தியின் பெயரையும் மஞ்சள் பெட்டியையும் சேர்த்துச் சொல்லித்தான் ஊர் ஊராக ஓட்டுக் கேட்டார்கள். 215 இடத்தில் 159ஐப் பிடித்தார்கள். அதனால் தாத்தா மஞ்சள் தாளே வாங்கி அடித்திருக்கலாம். மலிவுத் தாள் வெளிச்சம் பட்டுத் தானாகவும் மஞ்சளாகும்.

இரண்டாவது கேள்வி: "அபேட்சகர்னா யாரு?"

நோட்டீஸின் நடுவில், கட்டை எழுத்தில், கட்டைவிரல் உயரத்துக்கு அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. காங்கிரஸ் அபேட்சகர். வேட்பாளர் என்று சொன்னேன். "அப்ப வேட்பாளர்னே போட்டிருக்கலாம்ல" என்றார். போட்டிருக்க முடியாது என்று ஆரம்பித்தேன். கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தானே இதைப் படிக்கிறீர்கள். அவர் எடுத்த எடுப்பில் சொன்னது லேமினேஷன். "நூறு வருஷம் நிக்கும்ணே, 120 ரூவாதான்." பழைய தாள் வைத்திருக்கும் யாரும் இதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். சூடும் பசையும் தாளுக்குள் இறங்கிவிட்டால் பிறகு எந்த வித்தைக்காரராலும் பிரிக்க முடியாது. வேண்டாம் என்றேன். முகம் சுளிக்காமல் அடுத்த யோசனைக்குப் போனார். ஓரத்தில் வெள்ளை அட்டை வைத்து, தேக்கு பீடிங் போட்டு, பின்னால் ஹார்டுபோர்டு அடித்து 1,200 ரூபாய். அமிலம் இல்லாத அட்டைதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சாதா அட்டை பத்து வருஷத்தில் தாளைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்டுவிடும். அந்த அட்டை கடையில் இல்லை. சென்னையிலிருந்து வரவழைக்கவேண்டும், 300 கூடுதல். கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் ஷீட்டுக்கு இன்னொரு 150. மொத்தம் 1,650. நாலு நாளில் தருகிறேன் என்றார்.

பதினேழு நாள் ஆனது.

அந்தப் பதினேழு நாளும் நோட்டீஸ் கடைச் சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள், கிளிப் போட்டுத் தொங்கியது. வெயில் படாத பக்கச் சுவர்தான், பார்த்துக்கொண்டேன். தினமும் போய் "வந்துடுச்சா" என்று கேட்பேன், "அட்டை இன்னும் வரலண்ணே" என்பார், அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவேன். இப்படியாக, ஃபிரேம் கடைக்கு வருகிறவர்கள் அபேட்சகரை என்னவென்று படிக்கிறார்கள் என்று எனக்கு ஒரு கணக்கெடுப்பே நடந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் ஏ பேட்ச், பி பேட்ச் மாதிரி ஏதோ என்றான். திருமணப் படம் வாங்க வந்த அம்மா, ரட்சகர் என்று படித்துவிட்டு இது வேதக்காரர்கள் நோட்டீஸா என்று கேட்டார். அந்த அம்மாளைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ரக்ஷகர் தமிழில் ரட்சகர் ஆனதுபோலத்தான் அபேக்ஷகர் அபேட்சகர் ஆனார். லக்ஷம் லட்சம், பக்ஷி பட்சி எல்லாம் அதே வழியில் வந்தவை.

இதில் எங்கள் குடும்பக் கதை ஒன்றும் உண்டு. நோட்டீஸின் பெரிய எழுத்தில் "அபேட்சகர்" என்று இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் அதே ஆளை "மேற்படி அபேக்ஷகர்" என்கிறது. ஒரே தாளில் இரண்டு எழுத்துக்கூட்டல். பிழை திருத்துவதே தொழிலாக 31 வருஷம் இருந்த எனக்கு முதலில் கண்ணில் உறுத்தியது அதுதான். சின்ன வயதில் அப்பா சொன்னது பிறகு ஞாபகம் வந்தது. பெரிய கட்டை எழுத்துப் பெட்டியில் க்ஷ கிடையாதாம். ஒரு எழுத்துக்காகத் தனியாக மரத்தில் செதுக்கச் செலவு செய்ய தாத்தாவுக்கு மனசு வராது. ட்ச என்றால் இருக்கிற எழுத்தை வைத்தே கோத்துவிடலாம். மொழியியல்காரர்கள் ஒலி மாற்றத்துக்கு ஆயிரம் காரணம் சொல்லட்டும், எங்கள் வீட்டில் காரணம் சிக்கனம்.

அபேக்ஷை என்றால் விருப்பம், எதிர்பார்ப்பு. வடமொழியிலிருந்து வந்த சொல். தேர்தல் வருவதற்கு முன்னால் அதற்குத் தமிழில் வேறு வேலைகள் இருந்தன. "தங்கள் க்ஷேமத்தை அபேக்ஷிக்கும்" என்று கடிதம் முடியும். சர்க்காருக்கு எழுதும் மனுவில் "தங்கள் தயவை அபேக்ஷிக்கிறேன்" என்று குனிந்து நிற்கும். நலம் வேண்டுவதற்கும் தயவு வேண்டுவதற்கும் ஒரே சொல். 1919ஆம் வருஷ இந்திய அரசுச் சட்டப்படி 1920ல் மாகாண சட்டசபைக்கு நேரடித் தேர்தல் வந்தது. அதில் நிற்கிறவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கடிதத்திலும் மனுவிலும் ஏற்கெனவே பழகிக் கிடந்த சொல் ஆள் வடிவம் எடுத்து மேடை ஏறியது. ஆனால் மனுவின் குனிவு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது என்பது என் எண்ணம். அபேட்சகர் என்று படிக்கும்போது எனக்கு ஒருவர் கை கூப்பி நிற்பதுதான் தெரிகிறது.

யாரிடம் கூப்பினார் என்பதையும் அதே நோட்டீஸ் சொல்கிறது: ஓட்டர் மகாஜனங்களுக்கு. மகாஜனம் என்றால் எல்லோரும் என்று இன்றைக்கு நினைப்போம். 1937ல் சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி காட்டினால்தான் ஓட்டு. எழுத்துக் கோத்த ஆட்களில் எத்தனை பேருக்கு ஓட்டு இருந்திருக்கும்! தாத்தாவுக்கு இருந்தது, மெஷின் அவருடையது. அந்த மெஷினைக் காலால் மிதித்தவருக்கு இருந்திருக்காது.

பிறகுதான் வேட்பாளர் வந்தார். மறைமலையடிகள் 1916 வாக்கில் தொடங்கிவைத்த தனித்தமிழ்க் காற்று மெல்ல மெல்லக் கட்சி மேடைக்கும் அச்சாபீஸுக்கும் வீசியது. அக்கிராசனர் தலைவர் ஆனார், காரியதரிசி செயலாளர் ஆனார், மந்திரி அமைச்சர் ஆனார், விக்ஞாபனம் வேண்டுகோள் ஆனது. 1949ல் தொடங்கி 1957ல் முதல் தடவையாகத் தேர்தலில் நின்ற தி.மு.க. இந்தச் சொற்களைத் தெருவுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு வகித்தது. அப்பா சொல்வார்: ஒரே நாளில் ஒரு கட்சிக்கு அபேட்சகர் என்றும் இன்னொரு கட்சிக்கு வேட்பாளர் என்றும் கோத்திருக்கிறேன், சொல்லைப் பார்த்தாலே எந்தக் கட்சி நோட்டீஸ் என்று தெரிந்துவிடும், கொடியே வேண்டாம்.

ஆனால் வேட்பாளரைப் பிரித்துப் பாருங்கள். வேள் என்றால் விரும்பு. வேட்கை அதிலிருந்துதான். வேட்பு என்றால் விருப்பம், அதோடு ஆளர். "கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்" என்று 643ஆவது குறளில் வருகிற அதே வேட்பு. அபேட்சகரைத் துரத்திவிட்டோம் என்று நினைத்தவர்கள் அவருக்குச் சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்ப்பு: விரும்புகிறவர் போனார், விரும்புகிறவர் வந்தார். வேட்டல் என்பதற்குக் கல்யாணம் செய்துகொள்வது என்றும் ஒரு பொருள் உண்டு, அதைத் தேர்தலோடு முடிச்சுப் போட நான் தயாராக இல்லை.

கடையில் பீடிங் அறுக்கிற பையன் பீகாரைச் சேர்ந்தவன். தமிழ் நன்றாகவே பேசுகிறான், படிக்கத் தெரியாது. தினமும் எல்லோரும் அந்தத் தாளைப் பற்றியே பேசுகிறோமே என்று ஒருநாள் ரம்பத்தை வைத்துவிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். ஓட்டுக்கு நிற்கிற ஆள் என்றேன். "ஓ, உம்மீத்வார்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாரசீகத்தில் உம்மீத் என்றால் நம்பிக்கை, எதிர்பார்ப்பு. நம்பியிருக்கிறவர்தான் உம்மீத்வார். அந்தச் சொல்லும் ஒரு காலத்தில் நம்மூரில் உமேதுவார் என்ற பெயரில் உலாத்தியது. வெள்ளைக்காரன் காலத்துத் தாலுகா கச்சேரியில் சம்பளமில்லாமல் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு, ஒரு இடம் காலியாகாதா என்று வருஷக்கணக்கில் காத்திருப்பவரை அப்படிச் சொன்னார்கள். அவருக்குத் தேர்தல் கிடைக்கவில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் அப்யர்த்தி, மலையாளத்தில் ஸ்தானார்த்தி. அர்த்தி என்றால் வேண்டுகிறவர், அதில் மலையாளிதான் எதை வேண்டுகிறார் என்பதையும் மறைக்காமல் ஸ்தானம் என்று சொல்லிவிடுகிறார். ஆங்கிலக் கேண்டிடேட் மட்டும் வேறு ரகம். ரோமாபுரியில் பதவி கேட்டு வருகிறவர் சுண்ணக்கட்டி தேய்த்து வெளுப்பாக்கிய அங்கி போட்டுக்கொண்டு வருவாராம், அந்த வெள்ளையிலிருந்து வந்த பெயர். விருப்பத்தைச் சொல்லாமல் உடையைச் சொல்கிறது. இதைக் கேட்டதும் கடைக்காரர், "நம்மாளுகளும் வெள்ளைதானண்ணே" என்றார். இன்றைக்குக் கட்சி ஆபீஸில் போய் நின்றால் வேட்பாளர் என்ற சொல் சுவரொட்டியில்தான் இருக்கும். பேச்சில் "நம்ம கேண்டிடேட்" தான். சுற்றி வளைத்து வெள்ளைச் சட்டைக்கே வந்து சேர்ந்துவிட்டோம்.

அந்தப் பதினேழு நாளில் எனக்கு அதிகம் பிடித்தவர் ஒரு பெரியவர். மன்னார்ப் பக்கம் பிறந்து 1990ல் கடல் கடந்து வந்தவர். மனைவியின் படத்துக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது, மாற்ற வந்தார். சுவரில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார், எந்த இடத்திலும் தட்டவில்லை. "அபேட்சகர். இதைக் கண்டு எவ்வளவு காலம்" என்றார். சின்ன வயதில் அவர் ஊரில் தேர்தல் என்றால் அபேட்சகர்தானாம். "சிங்களத்தில இப்பவும் அபேக்ஷக எண்டுதான் சொல்லுறது." அப்படித்தான். நாம் கைவிட்ட சொல் பக்கத்துத் தீவில், பக்கத்து மொழியில், இன்றும் சுவரொட்டியில் இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. இலங்கையில் பாராளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடங்கிவைத்து ஜனாதிபதி பேசுவதை அங்கே தமிழில் அக்கிராசன உரை என்கிறார்கள். இங்கே காங்கிரஸ் மகாநாட்டோடு மறைந்துபோன அக்கிராசனம் அங்கே கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. காலாவதியான சொல் என்று இனிமேல் எதையும் சொல்லும்போது எங்கே என்று கேட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். பெரியவரின் கண்ணாடியை அங்கேயே நின்று பத்து நிமிஷத்தில் மாற்றிக்கொடுத்தார்கள். 180 ரூபாய். அவசர வேலை என்றால் இந்தக் கடையில் நடக்கிறது, நமக்குத்தான் நடக்கவில்லை.

இப்போது குறை. பதினெட்டாம் நாள் ஃபிரேம் கைக்கு வந்தது. தேக்கு இழைப்பு அருமை, மூலைகள் 45 டிகிரியில் நகம் நுழையாமல் பொருந்தியிருந்தன. வெள்ளை அட்டை கச்சிதம். அபேட்சகர் நடுவில் ஜம்மென்று இருந்தார். நான் கீழே பார்த்தேன். தாளின் கடைசி வரி இல்லை.

தாள் விழாமல் இருப்பதற்காக அட்டையின் சன்னலைத் தாளைவிடக் கால் அங்குலம் சிறிதாக வெட்டுவது வழக்கம். எந்தக் கடையிலும் அப்படித்தான். அந்தக் கால் அங்குலத்துக்குள் போய்விட்டது தாத்தாவின் பெயர். அடிக்கிற எந்தத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் போடவேண்டும் என்று 1867லேயே சட்டம் இருந்தது. அதற்குப் பயந்து எல்லா அச்சாபீஸ்காரர்களும் அடியோரத்தில் எறும்பு மாதிரி ஒரு வரி வைப்பார்கள். அபேட்சகர் யார், ஜெயித்தாரா, எனக்கு அக்கறை இல்லை. அந்த எறும்பு வரிக்காகத்தான் 1,650 ரூபாய். இதை நான் முதல் நாளே விரல் வைத்துக் காட்டியிருக்கிறேன். அவர் தலையாட்டியிருக்கிறார். அன்றைக்குச் சத்தம் போட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

அவர் பதில் சத்தம் போடவில்லை. படத்தைத் திருப்பி, பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தாளை வெளியே எடுத்து மேஜையில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அண்ணே, சன்னலே வேணாம். முழு அட்டை மேல தாளை உக்கார வச்சிருவோம். கிழிஞ்ச மூலை உட்பட நாலு ஓரமும் தெரியும். ஷீட்டு தாள்ல ஒட்டாம இருக்க ஓரத்துல சின்னக் கட்டை கொடுத்துத் தூக்கிருவோம்." எனக்கே தோன்றாத யோசனை. தாளின் முதுகில் மேல் ஓரத்தில் இரண்டு சின்னக் காகிதக் கீல், அவ்வளவுதான், மீதித் தாள் சுதந்திரமாகத் தொங்கும். எந்தப் பசை என்று கேட்டேன். கோதுமை மாவுப் பசையையே அவர் தண்ணீராகக் கரைத்துக் காய்ச்சினார். பைண்டர்கள் பூச்சிக்காகக் கலக்கும் மயில்துத்தத்தை நான் தடுத்துவிட்டேன். நாளைக்கு வேண்டாம் என்றால் ஈரத்துணி வைத்து எடுத்துவிடலாம். ஒரு காலத்தில் இந்த நோட்டீஸை ஊர்ச் சுவர்களில் ஒட்டியதும் ஏறக்குறைய இதே பசையாகத்தான் இருந்திருக்கும். மறுவேலைக்குப் பணம் வாங்கவில்லை. பிரித்த சன்னல் அட்டையையும் என்னிடமே கொடுத்துவிட்டார், அமிலமில்லாத அட்டையாச்சே, வீணாகக்கூடாதாம்.

ஆகவே என் கணக்கு: மர வேலைக்கும் தப்பைத் திருத்திய விதத்துக்கும் ஐந்துக்கு ஐந்து. சொன்ன நாளில் கொடுப்பதற்கு ஒன்று, அதுவும் பெரியவருக்காக. பழைய தாள், ஓலை, பத்திரம் ஏதாவது கொண்டுபோகிறவர்கள் எந்த வரி தெரியவேண்டும், எது மறைந்தாலும் பரவாயில்லை என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் அங்கே நிற்காது. அட்டையை நீங்களே வாங்கிப்போனால் பத்து நாள் மிச்சம். வெள்ளிக்கிழமை சாயந்தரம் போகாதீர்கள், சாமி படக் கூட்டம்.

ரசீதை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அயிட்டம் என்ற இடத்தில் அவர் கையெழுத்தில்: "அபேட்ச்கர் படம், 1." பிழை திருத்தும் பேனா கைக்கு வந்தது. வைத்துவிட்டேன்.